தியோபிலுக்கு அடிக்காத மணி

இல்ல சார், உக்காருங்க, உக்காருங்க. ஜன்னல் சீட்டு என்னுதுதான், ஆனாலும் நீங்க உக்காருங்க. காத்து வேணும்னு ஆசைப்பட்டுட்டீங்க. நான் ஏதாவது கேட்டேனா? கேக்கல. சர்வீஸ் பூரா டிக்கெட் செக் பண்ண ஆளு நான். ஒருத்தர் தப்பான சீட்டுல உக்காந்திருந்தா முகத்தைப் பாத்தே சொல்லிருவேன். உங்களுது நடு சீட்டு, சரிதானே? பாத்தீங்களா. பரவாயில்ல, நான் விட்டுக் குடுத்ததா இருக்கட்டும்.

நான் தாம்பரத்துல இறங்கிடுவேன். நீங்க எக்மோரா? அப்ப கடைசியில காலை நீட்டிக்கலாம்.

இது பாஸ் சார். ரிட்டயர் ஆனவங்களுக்கு ரயில்வே குடுக்குறது. ஓசின்னு நினைச்சுடாதீங்க. உழைச்சதுக்குக் கிடைச்சது. இதை வச்சு ஏ.சி.யிலயே போகலாம், நான் போறதில்ல. என் சர்வீஸ்ல ஒரு கரும்புள்ளி கிடையாது. என் மாமனார் ஒரு தடவை டிக்கெட் எடுக்காம ஏறிட்டாரு, மாப்பிள்ளை வண்டிதானேன்னு. அவருக்கே ஃபைன் போட்டேன். சுகிர்தம், அதான் என் வீட்டுக்காரி, ஒரு வாரம் என்னோட பேசல. அப்புறம் பேசினா. அப்பல்லாம் பேசிடுவா.

உங்க நெத்தியில திருநீறு இருக்கு, நல்லதாப் போச்சு. எங்க ஆளுங்ககிட்ட இதைப் பேச முடியாது. நீ எந்தக் கட்சின்னு முதல்ல பாத்துட்டுத்தான் காதே குடுப்பாங்க. நீங்க பொதுவான ஆளு. ஒரு வழக்கு சொல்றேன், கேட்டுட்டு நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. தாம்பரம் வர்றதுக்குள்ள சொன்னா போதும்.

ஊர்ப் பேரு வேண்டாம். டெல்டாவுல ஒரு ஜங்ஷன், ரயில்வே காலனியை ஒட்டி எங்க கோயில். லூத்தரன் சபை. நான் அதுல மூப்பர், அதாவது சபைப் பெரியவர்; கமிட்டி செயலாளரும் நான்தான். ஞானாபரணம்னு சொன்னா அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

லூத்தரன்னா என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன். மனுஷன் தன்னோட நல்ல காரியத்தால கடவுள் முன்னாடி நல்லவன் ஆக முடியாது. தர்மம் பண்ணு, பட்டினி கிட, உருண்டு புரண்டு வா, எதுவும் செல்லாது. தப்பா எடுத்துக்காதீங்க, பொதுவாச் சொல்றேன். கடவுளே பாத்து, 'இவன் மேல குத்தம் இல்ல, இவன் நீதிமான்'னு தீர்ப்பு சொல்லணும். அந்தத் தீர்ப்பும் ஏசு சிலுவையில பட்ட பாட்டுக்காகத்தான், நம்ம மூஞ்சிக்காக இல்ல. அதை விசுவாசத்தால வாங்கிக்கிறோம். இதுவரைக்கும் எங்களுக்குள்ள சண்டையே கிடையாது.

அந்தத் தீர்ப்பு எப்ப சொன்னதுங்கிறதுலதான் சார் சண்டை.

எங்களுக்குப் புதுசா ஒரு ஐயர் வந்தாரு, மாசிலாமணி ஐயர். எங்கள்ல போதகரை ஐயர்னுதான் சொல்றது, நீங்க நினைக்கிற ஐயர் இல்ல. ஒல்லியா, சத்தமே இல்லாம பேசுவாரு. அக்டோபர் கடைசியில எங்களுக்குச் சீர்திருத்தத் திருநாள், லூத்தர் ஐயாவை நினைக்கிற நாளு, கோயில் நிரம்பி வழியும். அன்னைக்குப் பிரசங்கத்துல சொல்றாரு: 'ஏசு உயிரோட எழுந்த அன்னைக்கே உலகம் முழுசுக்கும் தீர்ப்பு சொல்லியாச்சு. விடுதலை. பக்திமானுக்கும்தான், குடிகாரனுக்கும்தான். விசுவாசம்கிறது அதை வாங்கிக்கிற வெறுங்கை. கை நீட்டுறதால பொருள் உண்டாகுறதில்ல, பொருள் ஏற்கெனவே இருக்கு.'

குடிகாரன்னு சொன்னதும் சபையே திரும்பி என்னைப் பாக்குது சார். ஏன் பாக்கணும்? நான் குடிக்கிறவனா? காபி கூட ரெண்டு வேளைதான்.

எழுந்திருச்சேன். பிரசங்கத்துக்கு நடுவுல எங்க கோயில்ல எழுந்திருச்ச முதல் ஆளு நான்தான். 'ஐயரே, விசுவாசிச்சாதானே தீர்ப்பு? விசுவாசிக்காதவனுக்கும் விடுதலைன்னா, நாங்க எதுக்கு இத்தனை வருஷமா இங்க வந்து உக்காந்திருக்கோம்?'னு கேட்டேன். அவரு கோவப்படல. 'அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் யோசிங்க மூப்பரே'ன்னாரு. யோசிக்கிறதுக்கு என்ன இருக்கு? சரியான கேள்வி.

ஆராதனை முடிஞ்சு வாசல்ல பிடிச்சேன். எனக்குத் தெரிஞ்ச பாஷையில சொன்னேன். 'வண்டி எல்லாருக்கும்தான் ஓடுது, ஒத்துக்கிறேன். ஆனா டிக்கெட் இல்லாதவன் பயணி இல்ல. விசுவாசம்தான் டிக்கெட்.' சிரிக்கிறாரு. 'டிக்கெட்டை நீங்க எடுக்கல மூப்பரே. உங்க பேர்ல எடுத்து, சார்ட்டும் ஒட்டியாச்சு. நீங்க ஏறி உக்கார வேண்டியதுதான்'கிறாரு. 'ஏறாதவனுக்கு?'ன்னேன். 'அவன் சீட்டு காலியாப் போகும். சீட்டு இல்லாமப் போகல.'

காலி சீட்டை அப்படியே விட்டா டி.டி.ஈ. எதுக்கு சார்? அதை வெயிட்டிங்ல இருக்கிறவனுக்குக் குடுத்துடணும். அதுதான் ரூலு.

கடலூர் தாண்டிருச்சு போலிருக்கே.

அதுலேர்ந்து சபை ரெண்டாப் போச்சு. அவங்களை ஆச்சு கட்சின்னு சொல்வோம், எல்லாம் ஆச்சு ஆச்சுன்னு சொல்றதால. எங்களை ஆனா கட்சின்னாங்க, எதுக்கும் ஒரு ஆனா போடுறோமாம். பாடகர் குழு ரெண்டா நின்னு பாடுது. கல்யாணப் பத்திரிகை பாதிப் பேருக்குப் போறதில்ல. அறுப்பின் பண்டிகையில அவங்கவங்க தோட்டத்துல விளைஞ்சதைக் கொண்டு வந்து ஏலம் விடுவோம், சபைக்கு வருமானம். நான் குடுத்த பூசணிக்காயை ஒருத்தரும் கேக்கல. அப்படி ஒரு பூசணிக்காய், ரெண்டு பேரு தூக்கணும். ஏலம் போடுறவரு ஒரு தரம், ரெண்டு தரம்னு தொண்டை வத்தக் கத்துறாரு. கடைசியில நானே காசு குடுத்து என் பூசணிக்காயை எடுத்துக்கிட்டு வந்தேன். சுகிர்தம் அதைப் பாத்துச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

இப்ப தியோபில் விஷயத்துக்கு வர்றேன். வரணும்ல.

தியோபில் என் பையன். ஒரே பையன், அவனுக்கு மூத்தவ எப்சிபா, தாம்பரத்துல இருக்கா. நல்லாத்தான் இருந்தான். லோகோ ஷெட்ல வேலை வாங்கிக் குடுத்தேன். குடி. என்னத்தைச் சொல்ல, எத்தனையோ வீட்டுல நடக்குறதுதான். கிறிஸ்துமஸ் ஆராதனையில குடிச்சுட்டு வந்து, நற்கருணை, அதான் அப்பமும் திராட்சை ரசமும், குடுக்கிற இடத்துல மண்டி போட்டு, எழுந்திருக்க முடியாம அங்கேயே தூங்கிட்டான். சபைக்கு முன்னாடி. ஐயருக்குப் பின்னாடி வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு நான் நிக்கிறேன்.

கமிட்டி கூடுச்சு. இது பழைய ஐயர் காலத்துல. அவனை நற்கருணையிலேர்ந்து விலக்கி வைக்கணும்னு நானே முன்மொழிஞ்சேன். மத்தவங்க, 'வேண்டாம் மூப்பரே, சின்னப் பையன், புத்தி சொல்லிப் பாப்போம்'னாங்க. நான் விடல. வேற யாரு பையன்னா விட்டிருப்போமா? எங்க சபையில விலக்கி வச்சா முழுசா விலக்கி வச்சதுதான். நற்கருணை கிடையாது, ஞானஸ்நானத்துக்குச் சாட்சியா நிக்க முடியாது, செத்தா கோயில் மணி அடிக்க மாட்டோம். கமிட்டி திரும்பச் சேத்துக்கிட்டாத்தான் உண்டு. அது முன்னாடியே இருக்கிற சட்டம், நான் போட்டதில்ல. மணி ரூம் சாவி மட்டும் என்கிட்ட.

அதுக்கப்புறம் அவன் கோயில் பக்கமே வரல. ஈரல் போச்சு. கண்ணெல்லாம் மஞ்சள். ஆஸ்பத்திரியில, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்க.

மாசிலாமணி ஐயர் வீட்டுக்கு வந்துட்டாரு. கையில நற்கருணைப் பெட்டி. வாசல்லயே நிறுத்தினேன். 'ஐயரே, இவன் விலக்கி வச்சவன். கமிட்டி இன்னும் கூடல'ன்னேன். அவரு பதில் சொல்றதுக்குள்ள சுகிர்தம் வந்து, 'உள்ள வாங்க ஐயா'ன்னு கூட்டிட்டுப் போயிட்டா. என் வீட்டுல என்னைத் தாண்டி.

நான் அறை வாசல்ல நின்னு பாத்தேன். சாட்சிக்கு ஒருத்தர் வேணும்ல. ஐயரு அவன் தலையில கை வச்சு, 'தியோபில், உன் பாவம் மன்னிச்சாச்சு'ன்னாரு. விசுவாசிச்சா மன்னிக்கப்படும்னு சொல்லல சார். மன்னிச்சாச்சு. அவ்வளவுதான். இவன் பாவ அறிக்கை சொல்லல, ஜெபம் பண்ணல, ஒண்ணும் சொல்லல. கையை மட்டும் நீட்டினான். சுகிர்தம் அவன் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா, ஐயரு அப்பத்தை அதுல வச்சாரு.

கை நீட்டுறது விசுவாசமா? நீங்களே சொல்லுங்க. பிச்சைக்காரன் கூடத்தான் நீட்டுறான்.

ஐயரு போன பிறகு நான் உள்ள போனேன். தகப்பன் கடமைன்னு ஒண்ணு இருக்கே. பிள்ளைங்களுக்கு நடத்துற ஞானோபதேச வகுப்புல கேக்குற மாதிரி நேராவே கேட்டேன். 'தியோபில், நீ விசுவாசிக்கிறியா?' அதுக்கு ஒரு பதில்தான் சார். 'ஆம், விசுவாசிக்கிறேன்.' எங்க சின்னப் பிள்ளைங்க தூக்கத்துல கூடச் சொல்லும். அவனுக்கு நானே சொல்லிக் குடுத்தது. அதை மட்டும் சொல்லியிருந்தா அன்னைக்குச் சாயந்திரமே கமிட்டியைக் கூட்டியிருப்பேன்.

அவன் என்னைப் பாத்தான். அப்புறம், 'தெரியலப்பா'ன்னான். 'நீங்க விசுவாசிக்கிறீங்களாப்பா?'ன்னான்.

என்னைப் பாத்துக் கேக்குறான் சார். மூப்பரை! இதைத்தான் நான் அத்தாட்சியாச் சொல்றேன். தெரியலன்னு அவன் வாயாலயே சொன்னான். இதுக்கு மேல என்ன வேணும்? இதைச் சொன்னா ஆச்சு கட்சிக்காரங்களே வாயடைச்சுப் போறாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிடுறாங்க.

நான் என்ன பதில் சொன்னேனா? ஒண்ணும் சொல்லல. நேரம் இல்ல. ஐயர் மேல சபைத் தலைமையிடத்துக்கு மனு எழுத வேண்டியிருந்துச்சு. 'கொஞ்சம் உக்காருங்கப்பா'ன்னான். அப்புறம் வர்றேன்டான்னுட்டு வந்துட்டேன். மனு பெருசு. லூத்தர் ஐயா சொன்னதெல்லாம் பாத்துப் பாத்து எழுதணும்.

மனுவை முடிக்கிறதுக்குள்ள போயிட்டான்.

இல்ல, தண்ணி இருக்கு, நான் வச்சிருக்கேன். நீங்க குடிங்க.

மறுநாள் மத்தியானம் அடக்கம். ஐயரு முழு அங்கியோட வந்துட்டாரு, விலக்கி வச்சவனுக்கு அங்கி போடுற வழக்கமே இல்ல. வந்து, 'மூப்பரே, மணி அடிக்கச் சொல்லுங்க'ன்னாரு. எங்க ஆளுங்க எல்லாம் ஒரு பக்கம், அவங்க ஆளுங்க ஒரு பக்கம். நடுவுல சவப்பெட்டி. சாவி என் சட்டைப் பையில.

'கமிட்டி கூடல ஐயரே'ன்னேன்.

'நான் நற்கருணை குடுத்தாச்சு. அதுக்கு மேல ஒரு கமிட்டி கிடையாது'ன்னாரு.

'அவன் விசுவாசிக்கிறேன்னு சொல்லல. என்கிட்ட தெரியலன்னு சொன்னான். மணி அடிச்சா சபை அவனை நீதிமான்னு சொல்றதா ஆகும். எனக்குப் பையன்கிறதுக்காக உபதேசத்தை மாத்த முடியாது.' அப்படியே சொன்னேன் சார், குரல் நடுங்கல. நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? மூப்பர் தன் பையனுக்குன்னு வந்ததும் கட்சி மாறிட்டான்னு சொல்லாதா? எங்க ஆளுங்க முகத்தைப் பாத்தேன். ஒருத்தன் கூட என்னைப் பாக்கல. ஒருத்தன், 'குடுத்துருங்க மூப்பரே'ன்னே முணுமுணுத்தான். எங்க கட்சிக்காரன்!

சுகிர்தம் பெட்டிக்குப் பக்கத்துலேர்ந்து எழுந்து வந்தா. அத்தனை ஆம்பளைங்களுக்கு நடுவுல வந்து என் முன்னாடி கையை நீட்டினா.

'சாவியைக் குடுங்க.'

'சுகிர்தம், இது வீட்டு விஷயம் இல்ல. சபை விஷயம்.'

'அவன் நம்ம பையன்ங்க.'

அவ்வளவுதான் பேசினா. நீட்டின கையை எடுக்கல. எவ்வளவு நேரம் நின்னாளோ தெரியல, எனக்கு ரொம்ப நேரமாத் தெரிஞ்சுச்சு. நான் சட்டைப் பையைக் கையால பொத்திக்கிட்டேன். அது... கை தானாப் போயிடுச்சு சார்.

எங்க கோயிலுக்கு மணி வர்றதுக்கு முன்னாடி, வேப்ப மரத்துல ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்க விட்டிருந்தாங்க. ரயில்வே கோயில்தானே, அதைத் தட்டித்தான் ஆராதனைக்குக் கூப்பிடுவாங்க. மணி வந்த பிறகும் யாரும் கழட்டல, துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. சுகிர்தம் நேரா அங்க போனா. கீழ கிடந்த இரும்புக் கம்பியை எடுத்தா. அடிச்சா.

சின்ன ஸ்டேஷன்ல வண்டி வருதுன்னு தண்டவாளத்தைத் தட்டுவாங்களே, கேட்டிருக்கீங்களா? அந்தச் சத்தம். அந்தச் சத்தம் கேட்டா எழுந்து நிக்கிற உடம்பு இது. பெட்டியைத் தூக்கிட்டாங்க. ரெண்டு கட்சியும் சேந்துதான் தூக்குனாங்க. கல்லறைத் தோட்டத்துல மண்ணு போட்டு முடிக்கிற வரைக்கும் சத்தம் வந்துக்கிட்டே இருந்துச்சு. அவ அடக்கத்துக்கே வரல, அங்க நின்னு அடிச்சுக்கிட்டே இருந்தா. திரும்பி வந்து பாத்தா உள்ளங்கையெல்லாம் கொப்புளம்.

அடுத்த கமிட்டியில நான் தெளிவா எழுத வச்சேன்: கோயில் மணி அடிக்கப்படவில்லை. தண்டவாளத் துண்டு மணியாகாது. சட்டம் மீறப்படல. அப்படிப் பாத்தா நான் சுகிர்தத்தையும் காப்பாத்தித்தான் விட்டிருக்கேன். அவளுக்கு அது புரியல.

ஒரு வாரம் கழிச்சுப் பெட்டி கட்டினா. ஃபைன் போட்ட அன்னைக்கு மாதிரி பேசாம இருப்பா, அப்புறம் சரியாயிடுவான்னு நினைச்சேன். இடுப்புலேர்ந்து வீட்டுச் சாவிக் கொத்தை எடுத்து மேஜை மேல வச்சா. 'உங்களுக்குச் சாவிதானே வேணும். எல்லாத்தையும் வச்சுக்குங்க'ன்னா. எப்சிபா வீட்டுக்குப் போயிட்டா.

செங்கல்பட்டு வந்துருச்சா? ஏரி தெரியுது. சீக்கிரமாச் சொல்லி முடிச்சுடுறேன்.

நான் ஜெயிச்சேன் சார். என் மனுவைப் பாத்து ஐயரை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. போறதுக்கு முன்னாடி என்னைப் பாக்க வந்தாரு. சண்டை போட வர்றாருன்னு நினைச்சு நாலு வசனம் தயாரா வச்சிருந்தேன். அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'மூப்பரே, அன்னைக்கு எல்லாருக்கும்னு சொன்னேனே, உங்களுக்கும் சேத்துத்தான் சொன்னேன்'னாரு. எனக்கு எதுக்கு சார்? நான்தான் விசுவாசிக்கிறேனே. வெளிப்படையா விசுவாசிக்கிறேன். எத்தனை வருஷமா.

வீட்டுல யாரும் இல்ல. காபி நானே போடுறேன், பால் திரிஞ்சு போயிடுது. போன வாரம் எப்சிபா போன் பண்ணினா. 'அப்பா, அம்மா உங்களை வரச் சொல்றாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்களாம். நீங்களும் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாமாம். வந்து இருந்தாப் போதுமாம்'கிறா. தட்டு எடுத்து வச்சாச்சாம்.

அதெப்படி சார்? விளக்கம் சொல்லாம உள்ள போனா, தப்பு என்னுதுன்னு ஆயிடாதா? அவளா மன்னிச்ச மாதிரி ஆயிடாதா? மன்னிக்கிறதுக்கு நான் என்ன பண்ணேன்? முதல்ல அவளை உக்கார வச்சு, ஆதியோடந்தமா எடுத்துச் சொல்லி, அவ வாயால 'நீங்க செஞ்சது சரி'ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் சாப்பிடலாம். அதான் உங்ககிட்ட சொல்லிப் பாத்தேன். எங்கயாவது இடறுதான்னு பாக்கத்தான். இடறலையே?

என்ன சார், ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க?

தாம்பரம் வந்துருச்சு. இருங்க, எனக்கு மூட்டை முடிச்சு இல்ல, ஒரு பைதான். ரெண்டு நிமிஷம் நிக்கும். எனக்குத் தெரியாத வண்டியா? இப்பவாவது சொல்லுங்க சார். முழுசாக் கேட்டீங்க. தகப்பனா பாக்காதீங்க, மூப்பரா பாருங்க. நான் செஞ்சது சரிதானே?

அங்க... அது எப்சிபா. சிவப்புப் புடவை. பக்கத்துல யாரு?

சுகிர்தம் வந்திருக்கா.

அவ வர்றதா போன்ல சொல்லலையே. இளைச்சுட்டா. பாத்துட்டா, நம்ம ஜன்னல் பக்கம்தான் வர்றா. இருங்க சார், எழுந்திருக்காதீங்க, வழி நான் கேக்கலையே. இறங்குங்கன்னு நீங்க எதுக்குச் சொல்றீங்க? நான் கேட்டது அது இல்ல. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.

கம்பிக்குள்ள கையை விடுறா பாருங்க. சுகிர்தம், இரு, வர்றேன். இந்த சார் ஒண்ணு சொல்லணும், அதைக் கேட்டுட்டு வர்றேன். உள்ளங்கையில தழும்பு இன்னும் மறையல போலிருக்கே.

விசில் குடுத்துட்டான். நகருது, தெரியுது சார், எனக்குத் தெரியாதா? இன்னும் வேகம் எடுக்கல, இறங்கலாம், இந்த வேகத்துல எத்தனையோ தடவை இறங்கியிருக்கேன். அவ கையை எடுக்க மாட்டேங்கிறா, கூடவே நடந்து வர்றா. சீக்கிரம் சார். ஒரே வார்த்தைதான். சரின்னு சொல்லுங்க, இறங்கிடுறேன்.